குழந்தை தள்ளுவண்டி டயருக்குக் காற்று எவ்வளவு, எதில் அடிப்பது?

வடவள்ளி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது. என் அண்ணன் போன முறை அமெரிக்காவிலிருந்து வந்தபோது மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கொண்டுவந்தார், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, மூன்றுமே சைக்கிள் மாதிரி காற்று அடிக்கிற டயர். எங்கள் லேஅவுட் ரோட்டைக் குழாய் போடத் தோண்டி மூடியதிலிருந்து ஜல்லியும் குழியுமாகக் கிடக்கிறது. முன்பு இருந்த சின்னப் பிளாஸ்டிக் சக்கர வண்டியில் போனால் குழந்தையின் தலை ஆடுவதைப் பார்க்கவே மனசு கேட்காது, பாதி தூரம் தூக்கிக்கொண்டுதான் நடப்பேன். இந்த வண்டி வந்த பிறகுதான் சாயங்காலம் நிம்மதியாக வெளியே போய்வர முடிகிறது.

போன வாரம் முன் சக்கரம் தொளதொளவென்று இருந்தது. வீட்டில் இருக்கும் பழைய சைக்கிள் பம்ப்பின் வாய் இந்த வால்வில் பொருந்தவே இல்லை. ரேஸ் கோர்ஸுக்கு நடக்கப் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, காற்று அடிக்கச் சொன்னேன். அந்தத் தம்பி எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, காருக்கு வைக்கிற மாதிரி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஓஸை வைத்து அழுத்தி இரண்டு மூன்று நொடிகூட ஆகியிருக்காது, டயரின் ஒரு பக்கம் கோழிமுட்டை அளவுக்குப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. குழந்தை வண்டியில்தான் உட்கார்ந்திருந்தான். தம்பி சட்டென்று ஓஸை எடுத்துவிட்டான், நான் வால்வின் நடுவில் இருக்கிற ஊசியைக் கொண்டை ஊசியால் அழுத்திக் காற்றை இறக்கினேன். வெடிக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அது வெடித்திருந்தால் என் குழந்தையின் காலுக்கும் டயருக்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: இதற்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும், எதை வைத்து அடிப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது. அப்புறம் அந்தப் பிதுங்கிய டயரை இனிமேல் பயன்படுத்தலாமா? வண்டியோடு வந்த புத்தகம் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அத்தை இந்த வண்டியே வேண்டாம், பழையதையே எடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

பட்டறைக்காரர் மகன்:

தங்கச்சி, நல்ல வேளை அந்தத் தம்பி கையை எடுத்தான். அப்பா திண்டுக்கல்லில் முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிள் கடை வைத்திருந்தார், நான் ஸ்கூல் விட்டு வந்து பஞ்சர் ஒட்டி வளர்ந்தவன். இப்போது வேறு வேலை, ஆனால் அக்கம்பக்கத்துக் குழந்தை வண்டிகள் எல்லாம் என்னிடம்தான் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏன் அப்படி நொடியில் பிதுங்கியது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். கார் டயருக்குள் இருபது, முப்பது லிட்டர் இடம் இருக்கும். உங்கள் வண்டியின் சின்னச் சக்கரத்துக்குள் ஒன்றரை லிட்டர்தான், ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவு. அதை 30 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கிற கணக்கு) கொண்டுவர உள்ளே போக வேண்டிய வெளிக்காற்று மூன்று லிட்டர் பக்கம். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளுகிற கம்ப்ரெசர் என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டருக்கு இரண்டு நொடி போதும். மனிதன் மீட்டரைப் பார்த்து, புரிந்துகொண்டு, கையை எடுப்பதற்கே அதற்கு மேல் ஆகும். காரில் ஒரு நொடி தாமதித்தால் ஒன்றும் ஆகாது, இதில் அந்த ஒரு நொடியில் டயர் போய்விடும். அதனால் பங்க் காற்று, பஞ்சர் கடை கம்ப்ரெசர், லாரிக்கு அடிக்கிற ஓஸ் எதுவுமே இந்தச் சக்கரத்துக்கு வேண்டாம். அடிக்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் வேண்டாம். நம் ஊரில் காற்று நன்றாக இறுக்கமாக இருந்தால்தான் வண்டி ஓடும் என்று ஒரு நினைப்பு உண்டு, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து கல் மாதிரி இருக்கிறது என்று திருப்திப்படுவார்கள். பெரியவர் ஏறி மிதிக்கிற சைக்கிளுக்கு அது சரி. பத்துக் கிலோ குழந்தை உட்காருகிற வண்டிக்கு அந்த இறுக்கம் தேவையே இல்லை.

அளவு எங்கே இருக்கும் என்றால், டயரின் பக்கச் சுவரிலேயே புடைப்பெழுத்தில் இருக்கும். கறுப்பின் மேல் கறுப்பு, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், இல்லையென்றால் சாக்பீஸைத் தேய்த்துத் துடையுங்கள், எழுத்து வெள்ளையாக எழும்பும். பிஎஸ்ஐ, பார், கேபிஏ என்று மூன்று கணக்கில் ஏதாவது ஒன்றில் போட்டிருப்பார்கள். 30 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 2.1 பார், 207 கேபிஏ. தள்ளுவண்டி டயர்களில் பெரும்பாலும் 20க்கும் 35க்கும் நடுவில்தான் இருக்கும். மேக்ஸ் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் போகக்கூடாது, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பதில் தவறே இல்லை. வண்டியின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டயர் தாங்கினாலும் பிளாஸ்டிக் ரிம் தாங்க வேண்டும் அல்லவா. அண்ணனைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வால்வு விஷயம். நம் ஊர் சாதா சைக்கிளில் இருப்பது உள்ளே ரப்பர் குழாய் மாட்டிய பழைய வால்வு. உங்கள் வண்டியில் நடுவில் ஊசி இருக்கிறது என்கிறீர்கள், அது பைக், கார் டயரில் இருக்கிற அதே வால்வு. அதனால்தான் வீட்டு பம்ப் பொருந்தவில்லை. பைக்குக்கு அடிக்கிற கால் பம்ப்போ, நின்றுகொண்டு அடிக்கிற சைக்கிள் பம்ப்பில் கார் வால்வு வாய் உள்ளதோ வாங்கினால் போதும். இந்த அளவு டயருக்கு இருபது மிதி மிதித்தால் நிறைந்துவிடும். ஐந்து மிதிக்கு ஒருமுறை நிறுத்தி அளவு பாருங்கள். கால் பம்ப்பில் இருக்கிற மீட்டரை நம்ப வேண்டாம், 100, 160 வரை கோடு போட்ட முள்ளில் 25க்கும் 30க்கும் வித்தியாசம் நூலளவுதான் தெரியும். 60 வரை காட்டுகிற சின்ன மீட்டர் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மீட்டரை வைத்து எடுக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று கொஞ்சம் போகும், சின்ன டயரில் அதுவே ஒரு பிஎஸ்ஐ குறைத்துவிடும், அதனால் சும்மா சும்மா அளக்க வேண்டாம்.

பிதுங்கியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். டயரின் ஓரம் ரிம்மின் பள்ளத்தில் சரியாக உட்காராமல், காற்று ஏறியதும் அந்த இடத்தில் எகிறி வெளியே வந்திருக்கலாம். பெட்டியில் மடித்து வருகிற வண்டியில் இது நிறைய நடக்கும், டியூபும் உள்ளே மடிந்து கிடக்கும். இது கெட்டுப்போனது இல்லை, சரிசெய்யலாம். இன்னொன்று, ரப்பருக்கு உள்ளே இருக்கிற நூல் அறுந்திருக்கலாம். அப்படியானால் டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான், ஒட்டுப் போடுவது, உள்ளே பழைய டயர்த் துண்டு வைப்பது எல்லாம் குழந்தை வண்டியில் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரத்தைக் கழற்றி எடுத்துவிடுங்கள், குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வை உள்பக்கம் லேசாக அமுக்கி விட்டு, டயரை இரண்டு கையாலும் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வாருங்கள், டியூபின் மடிப்பு விலகும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய் தொடக்கூடாது, ரப்பரைத் தின்றுவிடும். இப்போது 10 பிஎஸ்ஐ மட்டும் அடியுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய ஒரு கோடு வட்டமாக ஓடும், அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மேலே ஏறியோ உள்ளே முங்கியோ இருந்தால் இறக்கிவிட்டு மறுபடி. கோடு சமமாக இருந்தும் அதே இடத்தில் வீக்கம் தெரிந்தால் நூல் போய்விட்டது என்று அர்த்தம். முகத்தை டயருக்கு நேராக வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். ரிம்மில் கீறல் விட்டிருக்கிறதா என்றும் வால்வு வருகிற ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் ரிம் அந்த இடத்தில்தான் முதலில் விடும்.

ஸ்காபரோ அம்மம்மா:

பிள்ளை, வாசிக்கவே நெஞ்சு பதறிப் போச்சு. நல்ல காலம்.

நான் இரண்டு பேரப்பிள்ளைகளை இதே மாதிரி மூன்று சில்லு (சக்கர) வண்டிலில் வைத்து ஐந்தாறு வருஷம் தள்ளினவள். மேலே அந்தத் தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் சொல்ல வருவது வெக்கையும் குளிரும் பற்றி. ரொறொன்ரோவில் கார்த்திகை மார்கழிக்கு ரயர் தானாகவே சப்பையாகும், முதல் வருஷம் ரியூப் ஓட்டை என்று நினைத்து இரண்டு ரியூப் வீணாக மாற்றினோம். பிறகு மகன்தான் கணக்குப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குள் 20 பாகை செல்சியஸில் 30 பிஎஸ்ஐ அடித்த ரயர், வெளியில் மைனஸ் 15க்குப் போனால் 25க்கு இறங்கிவிடும், ஒரு துளி காற்றும் வெளியே போகாமலே. அதைப் பார்த்துப் போட்டு வெளியில் வைத்தே 30 ஆக்கினால், திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர 36 ஆகிவிடும். அதால் நாங்கள் எப்போதும் உள்ளே வைத்துத்தான் அளப்போம், வெளியில் குறைவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உங்களுக்குக் குளிர் இல்லை, ஆனால் வெயில் இருக்கே. காரின்ர பின் டிக்கியில் வண்டிலை வைத்துவிட்டு வெயிலுக்குள் காரை நிப்பாட்டினால் உள்ளே 60 பாகை வரைக்கும் போகும். காலையில் 30 பாகையில் 30 வைத்த ரயர் அப்போது 34க்கு மேல் வந்துவிடும். உச்ச அளவு 30 என்று எழுதின ரயரை 30க்கே நிரப்பி வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கோ. அதாலதான் நான் எப்பவும் இரண்டு மூன்று குறைத்தே வைப்பேன். வெயிலில் நின்று வந்த சூட்டோடு அளந்து பார்த்துக் காற்றைத் திறந்து விடவும் கூடாது, ஆறின பிறகு சப்பையாகக் கிடக்கும். விடிய, வெளிக்கிட முதல், நிழலில் நிற்கும்போது அளக்கிறதுதான் சரி.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்ப்போம். ரியூப்பில் ஓட்டையே இல்லாவிட்டாலும் ரப்பருக்குள்ளால் காற்று மெதுமெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும், சின்ன ரயரில் அது கெதியாகத் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். சில்லைக் கழட்டிப் பூட்டினால், பூட்டின பிறகு இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கோ. ஒருதரம் இல்லை, இரண்டு தரம். பட்டன் வெளியே வந்து சத்தம் கேட்டது என்று மட்டும் நம்பிப் பிள்ளையை இருத்தக்கூடாது. மற்றது அந்த வால்வு மூடி. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், கறுப்பு நிறம், நிலத்தில் விழுந்தால் கண்ணுக்குப் படாது, பத்து மாதப் பிள்ளை தவழ்ந்து வந்து எடுத்து நேரே வாயில்தான் வைக்கும். தொண்டையில் அடைக்கிற அளவு அது. கழட்டினவுடனே ஒரு கிண்ணத்தில் போட்டு உயரத்தில் வையுங்கோ.

வடவள்ளி அம்மா:

அம்மம்மா, பட்டறை அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் தேய்த்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. முன் டயரில் 12½ × 2¼ என்றும் 62-203 என்றும் இருக்கிறது, மேக்ஸ் 30 பிஎஸ்ஐ. பின் டயர் இரண்டும் 16 × 1.75, 47-305, அதில் மேக்ஸ் 35. அண்ணன் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார், அதில் எல்லாச் சக்கரத்துக்கும் 30க்கு மேல் போகாதே என்றுதான் இருக்கிறது. அப்படியானால் பின்னாலும் 30தான் கணக்கு, சரிதானே?

நீங்கள் சொன்ன மாதிரியே இறக்கி, பிசைந்து, 10 அடித்துப் பார்த்தேன். கோடு சுற்றிலும் சமமாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதே இடத்தில் லேசாக ஒரு மேடு. கணவர் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார், துணி மாதிரி இருக்கிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நூல் பிரிந்து நிற்கிறது. ஆக, இது குப்பைதான். இந்த அளவு டயர் இங்கே கிடைக்குமா, அமெரிக்காவிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா?

இரட்டையர் அப்பா:

சென்னையிலிருந்து. எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிற அகல வண்டி. நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காற்று டயரே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர், மூன்றாவது முறை ரெண்டு பேரையும் இடுப்பில் ஒன்று தோளில் ஒன்று என்று தூக்கிக்கொண்டு, வண்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். அதற்கப்புறம் காற்றே தேவையில்லாத ஃபோம் டயருக்கு மாற்றிவிட்டேன். எங்கள் அபார்ட்மெண்டுக்குள் டைல்ஸ் தரை, வெளியே சிமெண்ட் நடைபாதை, அதற்கு அது போதும். அத்தை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

காற்று டயரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், பாட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எண்ணைச் செட் செய்துவிட்டால் அதுவே நின்றுவிடும், ரொம்ப வசதி, ஆனால் கடைசியாக யார் எதற்கு அடித்தார்களோ அந்த எண்ணையே ஞாபகம் வைத்திருக்கும். நான் காருக்கு 36 வைத்துவிட்டு, மறுநாள் அப்படியே வண்டியில் மாட்டிவிட்டுப் பால் பாட்டில் எடுக்க உள்ளே போய்விட்டேன். படக்கென்று சத்தம். டயர் வெடிக்கவில்லை, ரிம் விளிம்பில் ஒரு துண்டு உடைந்து தெறித்துப் பால்கனிக் கதவில் போய் அடித்தது. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. பார், பிஎஸ்ஐ, கேபிஏ என்று கணக்கு மாறுகிற பொத்தானும் அதில் உண்டு, திரையில் எது எரிகிறது என்று பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். அது ஓடும்போது விட்டுவிட்டு நகரவே கூடாது.

பஞ்சருக்கு டியூபுக்குள் ஊற்றுகிற ஜெல் ஒன்று இருக்கிறதே, அதையும் யோசிக்கலாம்.

பட்டறைக்காரர் மகன்:

தங்கச்சிக்கு முதலில். ஆமாம், பின்னாலும் 30தான். 25இலிருந்து 28க்குள் வைத்தால் போதும், அம்மம்மா சொன்ன வெயில் கணக்குக்கும் இடம் இருக்கும். பின் சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு இருப்பது முக்கியம், ஒன்று 28 ஒன்று 20 என்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும், நீங்கள் அறியாமலே மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். முன் சக்கரத்தை நேர் செய்கிற திருகு இருந்தாலும், அதைத் தொடுவதற்கு முன் காற்றைச் சமம் பண்ணுங்கள், பாதி நேரம் அதுவே சரியாகிவிடும்.

டயர் தாராளமாகக் கிடைக்கும், அமெரிக்கா வரை போக வேண்டாம். 12½ × 2¼ என்பது சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு வருகிற அளவுதான். கடையில் 12 இஞ்ச் என்று மட்டும் கேட்காமல், 62-203 என்ற எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 203 என்பது டயர் உட்காருகிற இடத்தில் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். அது மாறவே கூடாது. 62 என்பது அகலம், 57 கிடைத்தாலும் உட்காரும், ஆனால் 62ஐவிட அகலமாக வாங்கினால் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் உரசும். டியூப் வாங்கும்போது பழைய டியூபைக் கையோடு கொண்டுபோங்கள். தள்ளுவண்டி டியூபில் வால்வு வளைந்திருக்கும், நேராக இருக்கிற வால்வு வாங்கிவிட்டால் ஸ்போக்குகளுக்கு நடுவில் பம்ப் வாய் நுழையாமல் திண்டாட வேண்டும். நேர் வால்வுதான் கிடைத்தது என்றால் பித்தளையில் வளைந்த நீட்டிப்பு கிடைக்கிறது, அடிக்கும்போது மட்டும் திருகி மாட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், அதை அப்படியே விட்டு ஓட்டினால் வால்வின் அடி கிழியும்.

இரட்டையர் அப்பா சொன்னதில் பாட்டரி பம்ப் விஷயம் ஒவ்வொரு வரியும் உண்மை. ஃபோம் டயரும் தப்பில்லை, டைல்ஸ் தரைக்கும் மாலுக்கும் அதுதான் சரி, நானே இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வடவள்ளியில் ஜல்லி ரோடு என்கிறார் தங்கச்சி. ஜல்லி மேல் ஏறும்போது காற்று டயர் அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கி விட்டுக்கொடுக்கும், ஃபோம் அந்த அளவுக்குக் கொடுக்காது, அதிர்ச்சி அப்படியே கைப்பிடிக்கும் குழந்தைக்கும் ஏறும். அந்த ஒரு காரணத்துக்காகத்தானே அவர் இந்த வண்டியை விரும்புகிறார். அதனால் அவருக்குக் காற்று டயர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு கேள்வி உங்களுக்கு, அந்த மூன்று பஞ்சரும் எப்படி இருந்தன? டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்ததா? அப்படியானால் அது முள் இல்லை, காற்று குறைவாக இருந்து நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது ரிம் டியூபைக் கடித்தது. இரண்டு குழந்தை எடைக்கு அது சீக்கிரம் நடக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒற்றை ஓட்டை என்றால் முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. இது நான் பார்த்ததில் பாதிப்பேர் செய்கிற தவறு, டியூபை ஒட்டிவிட்டு டயரைப் பார்க்காமல் மாட்டிவிடுவார்கள். கருவேல முள் வெளியே உடைந்து போய், நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும், கண்ணுக்கும் தெரியாது. விரலை விட்டுத் தடவினால் குத்தும், பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்பக்கம் சுற்றித் துடையுங்கள், எங்கே நூல் மாட்டி இழுக்கிறதோ அங்கே முள். அப்பா ஒவ்வொரு பஞ்சருக்கும் இதைச் செய்வார், கூட்டம் எவ்வளவு நின்றாலும் விடமாட்டார்.

வால்வுக்கு அடியிலேயே டியூப் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, புது டியூப்தான். காற்று குறைவாக வைத்து ஓட்டினால் டயர் ரிம்மில் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு சாய்ந்து நிற்கும். சாய்ந்த வால்வைப் பார்த்தால் உடனே இறக்கி நேராக்குங்கள். காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். கடையில் நாங்கள் எச்சில் தொட்டு வைப்போம், வீட்டில் சோப்பு போதும். குமிழி வந்தால் டியூப் நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கிற ஊசி மட்டும் தளர்ந்திருக்கிறது, பைக் கடையில் ஒரு நிமிட வேலை.

ஜெல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் முள் நிறைந்த இடத்தில் நடப்பவருக்கு உபயோகம்தான். ஊற்றிய டியூபில் வால்வு கீழே இருக்கும்போது காற்றைத் திறந்தால் பச்சைச் சாறு மாதிரி பீய்ச்சி அடிக்கும், மீட்டரும் அடைத்துக்கொள்ளும். வால்வை மேலே கொண்டுவந்து ஐந்து நிமிடம் விட்டுத்தான் அளக்க வேண்டும். பாம்புக்கடி ஓட்டையை அது அடைக்காது.

இரட்டையர் அப்பா:

அண்ணா, இரண்டு முறை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைதான். பஞ்சர் கடையில்கூட ரெண்டு ஒட்டு ஒட்டினார்கள், ஏன் என்று நான் கேட்கவே இல்லை. நான் அப்போது மீட்டர் வைத்து அளந்ததே கிடையாது, அழுத்திப் பார்ப்பதோடு சரி. மூன்றாவது முள். பழைய காற்றுச் சக்கரங்கள் லாஃப்டில்தான் இருக்கின்றன, ஊருக்குப் போகும்போது மாட்டிப் பார்க்கிறேன், எங்கள் ஊர்த் தெருவில் ஃபோம் டயர் வண்டி எழுப்புகிற சத்தத்துக்குத் தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடும்.

ஸ்காபரோ அம்மம்மா:

லாஃப்டில் வைக்க முதல் கொஞ்சமாவது காற்று அடித்து வையுங்கோ தம்பி. சப்பையாக, மேல் பாரம் வைத்துக் கிடந்த ரயர் மடிப்பில் வெடித்துப் போகும். நாங்கள் நிலவறையில் வைத்த வண்டிலில் அப்படி ஒன்று போனது. வெயில் படுகிற பால்கனியிலும் வைக்காதையுங்கோ, பக்கச் சுவரில் சின்னச் சின்ன வெடிப்பு வரும். அது தெரிந்தால், நிலத்தில் படுகிற பக்கத்துப் பூ இன்னும் தேயாவிட்டாலும் ரயரை மாற்ற வேணும்.

வடவள்ளி அம்மா:

எல்லோருக்கும் தகவல் சொல்லத்தான் வந்தேன். நேற்று டவுன்ஹால் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் எண்ணைக் காட்டியதும் டயரும் வளைந்த வால்வு டியூபும் எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களே கம்ப்ரெசரில் அடித்துத் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால் பம்ப்பும் 60 வரை காட்டுகிற மீட்டரும் வாங்கியாயிற்று. கணவர் மாட்டினார், நான் மிதித்தேன், முதலில் 10, கோடு பார்த்தோம், அப்புறம் 20, அப்புறம் 27. மொத்தம் பத்தொன்பது மிதி. பின் சக்கரங்களை அளந்து பார்த்தால் ஒன்று 22, ஒன்று 14, வண்டி ஏன் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இரண்டையும் 27 ஆக்கினேன். சக்கரத்தை மாட்டிய பிறகு இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன் அம்மம்மா.

ஒன்று மட்டும். மாட்டி முடித்ததும் கிண்ணத்தில் பார்த்தால் மூடி இரண்டுதான் இருந்தது. குழந்தை அத்தை மடியில் இருந்தான், இருந்தாலும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வராந்தா முழுக்கக் கூட்டி, மிதியடியை உதறி, கடைசியில் கணவர்தான் அது பங்க்கிலேயே விழுந்திருக்க வேண்டும், அன்று நாம் மூடியைப் பற்றி நினைக்கவே இல்லை என்றார். அப்புறம் போன் போட்டோக்களைத் தேடினேன், பங்க்குக்கு மறுநாள் எடுத்த படத்தில் முன் சக்கர வால்வில் மூடி இல்லை. அதன் பிறகுதான் மூச்சு வந்தது. இன்று பைக் கடையில் நான்கு மூடி வாங்கினேன், சிவப்பு நிறம், தரையில் விழுந்தால் தெரியட்டும் என்று. மூன்று வண்டியில், ஒன்று பூஜை அலமாரி மேல் தட்டில்.